ஏழு கன்னிமாருக்கு வீட்டிலேயே ஒரு சின்னப் படையல்: கல் எடுப்பதிலிருந்து இலை எடுப்பது வரை

போன வருஷம் ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், ஐந்தாவது படிக்கும் என் மகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, நாமளும் தேவதைக்கு வீடு கட்டலாமா?" என்றாள். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மரத்தடியில் பொம்மைக் கதவு ஒன்றைச் சாய்த்து வைத்து, கிண்ணத்தில் பாலும் தேனும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். "நம்ம கெணத்து மேட்டுல ஏழு பேரு வெயில்ல உக்காந்திருக்காங்க. மொதல்ல அவங்களுக்கு ஒரு எல போடச் சொல்லு உங்கம்மாள" என்றார்.

எங்கள் நிலம் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம். கிணறு வற்றி, போர் போட்ட பிறகு அந்த மேட்டுக்கு யாரும் போவதில்லை. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் பார்த்தீனியச் செடி இடுப்பளவு நின்றது. அதற்குள், கன்னிமார் என்று கும்பிடும் ஏழு கல்லில் ஐந்துதான் கண்ணில் பட்டன. அந்த ஆடியில் அத்தை சொல்லச் சொல்ல நான் செய்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையே செய்யுங்கள்.

யார் இவர்கள்?

கோயில் சிற்பத்தில் இவர்களுக்குப் பெயர் உண்டு: பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி. ஏரிக்கரையிலும் கிணற்று மேட்டிலும் அந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. ஏழு கல், இல்லையென்றால் ஏழு செங்கல், மேலே மஞ்சள் குங்குமம், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் இடத்தில் குளிக்கவும் விளையாடவும் வரும் ஏழு பெண் பிள்ளைகள் என்றுதான் நம் பக்கம் நினைப்பு. உச்சிப்பொழுதில் தனியாகக் கிணற்றடிக்குப் போகாதே என்று எங்களையும் சின்ன வயதில் மிரட்டினார்கள். மலையிலும் சுனையிலும் குடியிருக்கும் அணங்கு, சூரரமகளிர் என்று சங்கப் பாட்டுகளிலேயே இந்த மாதிரிப் பெண்கள் வருகிறார்கள். ஆக, இறக்கை இல்லையே தவிர, மகள் கேட்ட தேவதைகள் இவர்கள்தான்.

தேவதைகள் விஷயத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழைய பழக்கங்களையும் மகளுக்காகப் படித்துப் பார்த்தேன். அயர்லாந்தில் தேவதைகளை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'நல்லவர்கள்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். மே 1-க்கு முந்தின இரவும் அக்டோபர் 31 இரவும் அவர்கள் நடமாடும் நேரம். பால் கறந்தால் முதலில் கொஞ்சம் மண்ணில் விடுவார்கள். தனியாக நிற்கும் முள்மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். இரும்பு அவர்களுக்கு ஆகாது. ஸ்காட்லாந்தில் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போகும் பிரவுனி என்று ஒரு குட்டிச்சாமி. அதற்குப் பாலேடு வைக்கலாம், துணி மட்டும் கொடுத்துவிடக் கூடாது, கொடுத்தால் வீட்டை விட்டே போய்விடும். இதைச் சொன்னதும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துணி குடுத்தா போயிருமா? நம்மாளுங்க ரவிக்கத் துணி வெக்கலன்னாதான் போவாங்க."

ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது கடைசிப் படி, அங்கே வரும்போது சொல்கிறேன்.

நாள், நேரம்

ஆடி வெள்ளிக்கிழமை எதுவானாலும் சரி. ஆடிப்பெருக்கு, அதாவது ஆடி 18, ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும், அது இன்னும் விசேஷம். தை மாதத்திலும் பௌர்ணமியிலும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், இல்லையென்றால் விளக்கு வைக்கும் நேரம். உச்சிவெயிலில் வேண்டாம். அத்தை அதற்குச் சாமி காரணம் சொல்வார், எனக்கோ வாழை இலை வாடிவிடும் என்பதே போதுமான காரணம்.

ஆடி 18 என்றதும் ஒகேனக்கல் போகலாம் என்று தோன்றும். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறக்கிற காலம் அது. அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவது வழக்கம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் தவிப்பதைவிட வீட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் நிம்மதியாகச் செய்யலாம்.

இடம்

தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். கிணறு, தொட்டி, போர் மோட்டார் அடி, எதுவும் இல்லையென்றால் ஒரு சொம்பில் தண்ணீர். மேலே வேம்போ புங்கனோ நிழல் கொடுத்தால் நல்லது. மூன்றடிக்கு மூன்றடி போதும். முந்தின நாளே செடி பிடுங்கி, கூட்டி, சாணம் தெளித்து விடுங்கள். பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்காதீர்கள். நான் பிடுங்கி, படையல் அன்று இரண்டு கையும் தடித்து அரித்துக்கொண்டு இருந்தேன். காய்ந்த சருகையும் தள்ளிக் கூட்டிவிட வேண்டும். விளக்கு வைக்கிற இடம்.

கல்

ஏழு கல், கைப்பிடி அளவு. சொந்த நிலத்திலோ வாசலிலோ கிடைப்பதே நல்லது. ஒன்று போல இருக்க வேண்டியதில்லை, அக்கா தங்கைகள் எங்கே ஒன்று போல இருக்கிறார்கள்? நிற்க வைத்தால் நிற்கிற மாதிரி அடி தட்டையாக இருந்தால் போதும். இன்னொரு கோயிலில் பூசையில் இருக்கும் கல்லை மட்டும் எடுத்து வராதீர்கள்.

இங்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் மண் நடுகல் மண். ஏரிக்கரையிலும் வயல் நடுவிலும் பலகைக் கற்கள் நிற்கும். வில்லோ வாளோ பிடித்த ஆள் உருவமும் மேலே பழைய எழுத்தும் இருந்தால், மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கோ போரில் விழுந்தவனுக்கோ நட்ட கல்லாக இருக்கும். பல ஊரில் அதையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தர்மபுரி அரசு அகழ்வைப்பகத்தில் இப்படிப்பட்டவற்றை வரிசையாகப் பார்க்கலாம். அந்தக் கல்லை நகர்த்தக் கூடாது, எண்ணெயும் மஞ்சளும் அப்பக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்துக்குள் இறங்கிவிட்டால் படிக்க முடியாமல் போய்விடும். தூரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடுத்த ஏழையும் கழுவி, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கிழக்குப் பார்த்து ஒரே வரிசையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு. கொஞ்சம் தள்ளி எட்டாவதாக ஒரு கல், அது காவலுக்கு. எங்கள் வீட்டில் அவரை முனியப்பன் என்கிறோம். அவருக்கு விபூதி போதும். அவருக்குக் கோழி அடிக்கிற வீடுகள் உண்டு. கன்னிமார் இலையில் மட்டும் அசைவம் சேராது.

மகள் அட்டையில் செய்த குட்டிக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து ஏழாவது கல் பக்கத்தில் ஊன்றினாள். எடுக்கச் சொல்வார் என்று பார்த்தேன். அத்தை அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

துள்ளுமாவு

பச்சரிசி மாவில் வெல்லம் பிசிறியதுதான் துள்ளுமாவு. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பச்சரிசி 2 டம்ளர். கழுவி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஊறட்டும், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கையில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அவசரப்பட்டு ஈரத்தோடு மிக்சியில் போட்டால் பிளேடு அடியில் களியாகப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் சுக்காகக் காயவைத்தால் வறண்ட மாவாகி, பிடித்தால் நிற்காது. உரலில் இடிக்க ஆள் இருந்தால் உரல்தான். மிக்சி என்றால் கால் பாகம் கால் பாகமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டிச் சலியுங்கள். சலித்து மேலே நின்றதைத் திரும்ப அரையுங்கள்.

வெல்லம் 1 டம்ளர், தட்டிப் பொடித்தது. ஆலைக்கொட்டாயில் வாங்கும் கருப்பு வெல்லமாக இருந்தால் வாசனை தூக்கும். பளீரென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தது. கடைக்காரர் அதைத்தான் முதல் தரம் என்று நீட்டுவார், விடுங்கள். நான் முதல் தடவை வெல்லத்தை மாவோடு சேர்த்தே மிக்சியில் நன்றாக அரைத்துவிட்டேன். வெல்லம் இளகி மொத்தமும் பசையாகிவிட்டது. அத்தை பார்த்துவிட்டு, "இது துள்ளாது, படுத்துக்கிச்சு" என்றார். மாவைச் சலித்து முடித்து, படைப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கையால் பிசிற வேண்டும். ஏலக்காய் நான்கு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்து ஓடினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதிலிருந்தே ஒரு கை மாவை எடுத்து, இன்னும் கொஞ்சம் வெல்லமும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்து இறுக்கமாகப் பிசைந்தால் மாவிளக்கு. உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, நெய் விட்டுப் பஞ்சுத் திரி போடுங்கள். ஏழு செய்யலாம், ஒன்றே போதும் என்றாலும் குறையில்லை.

பானகம்

1 லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம், எலுமிச்சம்பழம் ஒன்று, தட்டிய சுக்கு, ஏலக்காய், நான்கு துளசி இலை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட மறக்காதீர்கள், மண் இருக்கும்.

மற்ற சாமான்கள்

ஒரு பெண் பிள்ளை ஊரிலிருந்து வந்தால் என்ன வாங்கி வைப்போமோ அதுதான். கண்ணாடி வளையல், சின்னக் கண்ணாடி, சீப்பு, பூ, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி. சந்தையில் ஆடி மாதம் காதோலை கருகமணி விற்பார்கள், ஓலைச்சுருளும் கருப்பு மணியுமாக ஒரு கட்டு. வளையலை ஜோடி ஜோடியாக ஏழு ஜோடி வாங்கினால் பின்னால் பங்கு வைக்கச் சுலபம். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சூடம், சாம்பிராணி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படைப்பது

இவ்வளவு தயார் செய்தபிறகு படைப்பது என்னவோ பத்து நிமிஷ வேலைதான்.

முதலில் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகி ஓரமாக வையுங்கள். கற்களுக்கு முன்னால் நுனி இலை. நுனி கன்னிமாருக்கு இடக்கைப் பக்கம் வர வேண்டும். அவர்கள் கிழக்குப் பார்த்து இருப்பதால், எதிரில் நின்று போடும் நமக்கு அது வலக்கைப் பக்கம். இதில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் குழப்பம் வரும். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இலையைத் திருப்புவேன்.

இலையில் துள்ளுமாவை ஏழு குவியலாக வையுங்கள். பழம், தேங்காய் மூடி, வெற்றிலை பாக்கு. பானகம் தனிக் கிண்ணத்தில். சாமான்களை ஒரு தட்டில் கற்களுக்குக் கிட்டத்தில். பூவை ஒவ்வொரு கல்லுக்கும் கிள்ளி வையுங்கள். சொம்புத் தண்ணீரை ஓரமாக வைத்து, மாவிளக்கை ஏற்றி, சாம்பிராணி போடுங்கள்.

மந்திரம் எதுவும் கிடையாது. அத்தை சொல்வது இதுதான்: "ஏழு பேரும் வாங்க தாயே. இருக்கறத வெச்சிருக்கோம். சாப்பிட்டுட்டு, கெணத்துல தண்ணியும் புள்ளைங்களுக்கு ஒடம்பும் குடுத்துட்டுப் போங்க." நீங்கள் உங்கள் பேச்சில் சொல்லுங்கள். பெரிய வேண்டுதல் வைப்பதென்றால் குலதெய்வத்திடம் வையுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் போய்க் கடன் அடைய வேண்டும் என்று கேட்பது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சூடம் காட்டி, கடைசியில் ஆரத்தி. தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சள் கரைத்து, ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்தால் கண் முன்னால் செக்கச் சிவப்பாக மாறும். சுண்ணாம்பின் காரம் பட்டால் மஞ்சளில் இருக்கும் குர்குமின் நிறம் மாறுவதால் வருவது. மகள் அந்த வீடியோவில் தேடிய மாயம் அவளுக்கு இந்தத் தட்டில் கிடைத்தது. சுற்றிக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் எலுமிச்சை பிழிந்து காட்டுங்கள், திரும்ப மஞ்சளாகிவிடும். மூன்று தடவை செய்யச் சொன்னாள்.

ஒதுங்கி நிற்பது

ஆரத்தி முடிந்ததும் எல்லோரும் பத்துப் பதினைந்தடி தள்ளிப் போய், திரும்பி நிற்க வேண்டும். போட்டோ எடுப்பதானால் இதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். வயசுப் பிள்ளைகள் சாப்பிடும்போது நாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போமா என்பார் அத்தை. கால் மணி நேரம். போன் நோண்டாமல் சும்மா நின்றால் அது ரொம்ப நேரம். போன வருஷம் அந்த நேரத்தில் காற்றில் புங்க இலை சலசலத்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "வந்துட்டாங்களா?" என்று குசுகுசுத்தாள். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. திரும்பியபோது எறும்பு வரிசை இலைக்கு வந்திருந்தது.

இலை எடுப்பது

ஒரு குவியல் மாவைக் கல் அடியிலேயே விட்டுவிடலாம், காக்காயும் அணிலும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். மிச்சத்தை அங்கேயே பங்கு வைத்துச் சாப்பிட வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி மாதிரிக் காட்டு ஓரத்தில் இருப்பவர்கள் வாழைப்பழம், வெல்லம், மாவு எதையும் வெளியில் விட்டு வராதீர்கள். ராகி விளைந்தாலே யானை தேடி வருகிற ஊர்கள் அவை. சாயங்காலத்தில் வைப்பதையும் தவிர்த்து, காலையில் முடித்து எல்லாவற்றையும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.

வளையல், சீப்பு, கண்ணாடியைக் கிணற்றிலோ ஏரியிலோ போட வேண்டாம். தெருவில் இருக்கும் ஏழு பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, காலில் மஞ்சள் பூசி, கையில் கொடுத்துவிடுங்கள். பானகமும் அவர்களுக்கே. ஏழு பேர் கிடைக்காவிட்டால் கிடைத்தவர்களுக்கு இரட்டைப் பங்கு. எங்களுக்கு ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். வளையலுக்குச் சண்டை வந்து ஒருத்தி அழுதுகொண்டே போனாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் பச்சை வளையல் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கிளம்பும் முன் விளக்கு முழுதாக அணைந்ததா என்று பார்த்து, மேலே தண்ணீர் தெளியுங்கள். கற்கள் அங்கேயே இருக்கட்டும். மழையில் மஞ்சள் கரைந்து போனால் அடுத்த வருஷம் பூசிக்கொள்ளலாம்.

ஓசூரில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு

என் நாத்தனார் ஓசூரில் மூன்றாவது மாடி. கல்லை லிஃப்ட்டில் ஏற்றுவதா என்று போனில் கேட்டாள். தேவையில்லை. பால்கனியில் ஒரு மணைப்பலகை, அதன்மேல் ஏழு வெற்றிலை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விரலி மஞ்சள், முன்னால் பித்தளைச் சொம்பில் தண்ணீர். மற்றதெல்லாம் அதே முறைதான். ஒதுங்குவதற்குப் பதினைந்தடி இல்லையென்றால் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் இருந்துகொள்ளுங்கள். புகைக்கு அலாரம் அடிக்கிற கட்டடம் என்றால் சாம்பிராணியை விட்டுவிடலாம். முடிந்தபின் சொம்புத் தண்ணீரைத் துளசித் தொட்டிக்கு ஊற்றி, விரலி மஞ்சளை எடுத்து வைத்து, முகத்துக்குத் தேய்த்துக் குளியுங்கள்.

வீட்டில் கல்யாணம் ஆகாமலே இறந்துபோன பெண்ணுக்குத் துணி வைத்துப் படைப்பதையும் சிலர் கன்னி சாமி என்றுதான் சொல்வார்கள். அது வேறு, அதன் முறையே தனி. இரண்டையும் ஒரே இலையில் சேர்க்காதீர்கள்.

துள்ளுமாவு மீந்தால் மறுநாள் வரை வைக்காதீர்கள், ஈரமாவு புளித்துவிடும். அன்று ராத்திரியே தேங்காய்த் துருவல் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிடித்து, இட்லிப் பானையில் பத்து நிமிஷம் வைத்தால் பிடிகொழுக்கட்டை. பசையாகிப்போன என் முதல் மாவும் கடைசியில் அப்படித்தான் தீர்ந்தது.